முதலில் இறக்குங்கள், பிறகு ஏற்றுங்கள்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வயது 45. நான்கு மாடிகள், 16 வீடுகள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். கோடையில் மேல்மாடி வீடுகளில் இருக்க முடியவில்லை. மொட்டைமாடி முழுவதும் மண் பரப்பித் தோட்டம் போடலாம் என்கிறார்கள் சிலர். மேற்குச் சுவர் முழுவதும் செடித் தட்டுகளைப் பொருத்திப் பசுஞ்சுவர் ஆக்கிவிடலாம் என்கிறார்கள் வேறு சிலர். அழைத்துப் பேசிய ஒப்பந்தக்காரரோ, "இதெல்லாம் ஒரு எடையே இல்லை" என்கிறார். இதற்கிடையில் சில வீட்டுக்காரர்கள் பால்கனி விளிம்பில் பெரிய சிமெண்ட் தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டார்கள். கொடி ஏற்றினால் சுவர் கெட்டுவிடும் என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. மேல்மாடியில், மேற்குப் பக்க அறையில் படுத்திருக்கும் என் தாயாருக்கு இரவு பத்து மணிக்கும் சுவர் கொதிக்கிறது. பழைய கட்டடத்தில் பசுமை சாத்தியமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

சாத்தியம்தான். ஆனால் வேறு எதையும் பேசுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதை இன்றே செய்துவிடுங்கள். பால்கனி விளிம்பில் இருக்கும் சிமெண்ட் தொட்டிகளை எடுக்கச் சொல்லுங்கள்.

ஐம்பது லிட்டர் மண் பிடிக்கும் ஒரு சிமெண்ட் தொட்டி, மண் நன்றாக நனைந்த நிலையில், நூறு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். நான்கு தொட்டிகள் என்றால் நானூறு கிலோ. அதே எடை பால்கனி முழுவதும் சீராகப் பரவியிருந்தால் தாங்குமிடத்தில் உண்டாகும் வளைவிசையைப் போல இரு மடங்கு, அது விளிம்பில் இருக்கும்போது உண்டாகிறது. பால்கனி என்பது ஒரு பக்கம் மட்டுமே பிடிப்புள்ள பலகை. அதைத் தாங்கும் கம்பிகள் தளத்தின் மேற்பரப்பை ஒட்டி ஓடுகின்றன. நீங்கள் ஊற்றும் தண்ணீர் முதலில் போய்ச் சேரும் இடமும் அதுதான். நாற்பத்தைந்து ஆண்டுகள் மழையும் கழுவுநீரும் பட்ட பால்கனியில், சுவரோடு சேரும் மூலையில் கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியே நின்று பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பழைய கட்டடங்களில் நான் மிகவும் அஞ்சும் உறுப்பு இதுதான். செடி வேண்டுமென்றால் இலேசான பிளாஸ்டிக் தொட்டிகளில், வீட்டுச் சுவரை ஒட்டி, ஒன்றிரண்டு வைக்கலாம். அதுவும் பால்கனியின் அடிப்பக்கத்தில் விரிசலோ துருக்கறையோ இல்லாதபோது மட்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சங்கக் கூட்டத்தில் இரண்டு அணிகளும் என்ன ஏற்றலாம் என்றே வாதாடுகின்றன. என்ன இறக்கலாம் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பழைய கட்டடத்தில் பசுமை வேண்டுமென்றால் அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும்.

2016 மே 20 அன்று ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அரங்கு ஒன்றின் கூரை இடிந்து விழுந்தது. அந்தக் கூரையின் மேல் பிற்பாடு பசுமை அடுக்கு போடப்பட்டிருந்தது. மூன்று பேர் காயமடைந்தார்கள். விசாரணையில் மூன்று விஷயங்கள் சேர்ந்து வெளிவந்தன. கூரையின் மேல் பூசப்பட்டிருந்த காரை, வடிவமைப்பில் காட்டியதைவிடத் தடிமனாக இருந்தது. அதன்மேல் பசுமை அடுக்கு பரவலாகப் போடப்பட்டது. போதாததற்குத் தண்ணீரும் தேங்கியது. இந்த மூன்றில் செடி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்த எடை. காகிதத்தில் இல்லாத காரையும், மழைக்குப் பின் நின்ற நீரும் யாருடைய கணக்கிலும் சரியாக வரவில்லை.

உங்கள் மொட்டைமாடியிலும் அந்தக் காகிதத்தில் இல்லாத எடை இருக்கும் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். 45 ஆண்டுகளில் எத்தனை முறை கசிந்திருக்கும்? ஒவ்வொரு முறையும் பழைய பூச்சைக் கொத்தி எடுக்காமல், அதன்மேலேயே இன்னொரு அடுக்கு காரை போட்டு, ஓடு பதித்து, ரசாயனப் பூச்சு அடித்திருப்பார்கள். சிமெண்ட் காரை ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ இருபது கிலோ. ஆறு சென்டிமீட்டர் கூடுதலாகச் சேர்ந்திருந்தால் சதுர மீட்டருக்கு நூற்றிருபது கிலோ ஆயிற்று. யாருக்கும் பயனில்லாத எடை அது. வெயிலில் சூடேறி, இரவெல்லாம் அந்தச் சூட்டைக் கீழே விட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த எடைதான் உங்கள் தோட்டத்துக்கான மூலதனம். பழைய அடுக்குகளைக் கொத்தி எடுத்தால் அவ்வளவு எடைக்கு இடம் கிடைக்கும். உபயோகம் இல்லாத பழைய தண்ணீர்த் தொட்டி, உடைந்த செங்கல் குவியல், யாரோ விட்டுப்போன இரும்புச் சாமான்கள் எல்லாவற்றையும் இறக்குங்கள். எட்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு இலேசான வளர்கலவை, அதன் அடியில் வடிகால் தட்டு, மேலே செடி என மெல்லிய பசுங்கூரை ஒன்று, முழுக்க நனைந்த நிலையில் சதுர மீட்டருக்கு நூறிலிருந்து நூற்றைம்பது கிலோவுக்குள் அடங்கும். இறக்கிய எடையும் ஏற்றும் எடையும் ஏறக்குறைய நேராகிவிட்டால், அறிமுகமில்லாத புதுச் சுமை எதையும் கட்டடத்தின்மேல் வைத்ததாக ஆகாது. சாதாரணத் தோட்ட மண்ணை நினைக்கவே நினைக்காதீர்கள். பத்து சென்டிமீட்டர் ஈர மண் மட்டுமே 180 கிலோவைத் தொடும். வளர்கலவை என்றால் எரிமலைக் கல்துகள், பொரித்த களிமண் உருண்டை, நொறுக்கிய செங்கல் போன்ற துளையுள்ள பொருள்களோடு கொஞ்சம் மக்கிய உரம். தென்னைநார்த் தூளை நிறையச் சேர்த்தால் எடை குறையும் என்பார்கள். அது காய்ந்திருக்கும்போது இலேசு, நனைந்தால் அப்படியில்லை. மேலும் சில ஆண்டுகளில் மக்கித் தணிந்துபோகும்.

இங்கே ஒப்பந்தக்காரர்கள் சொல்லும் ஒரு வாதத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஆட்கள் ஏறிப் புழங்கும் கூரைக்கு, சதுர மீட்டருக்கு நூறிலிருந்து நூற்றைம்பது கிலோ வரை கூடுதல் சுமையைச் சேர்த்துத்தான் பல நாடுகளில் வடிவமைக்கிறார்கள். "அந்தத் தாங்குதிறன் சும்மாதானே கிடக்கிறது, அதில் மண்ணைப் போடலாம்" என்பது வாதம். அது சும்மா கிடக்கவில்லை. பழுது பார்க்க ஏறும் ஆட்களுக்கும், விசேஷ நாளில் மேலே கூடும் கூட்டத்துக்கும், தேங்கும் மழைநீருக்கும் வைத்த ஒதுக்கீடு அது. ஐந்து சென்டிமீட்டர் நீர் தேங்கினாலே ஐம்பது கிலோ. அந்த ஒதுக்கீட்டை மண்ணுக்குக் கொடுத்துவிட்டால், பிறகு அந்தத் தோட்டத்துக்குள் யாரும் நடக்கக் கூடாது. நாற்காலி போட்டு உட்காரக் கூடிய தோட்டம் வேண்டுமென்றால் அதற்கான கணக்கு வேறு. அதைப் பெரும்பாலான பழைய தளங்கள் தாங்கா.

ஆகவே முதலில் செலவழிக்க வேண்டியது சோதனைக்கு. பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்த அனுபவம் உள்ள ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அமர்த்துங்கள். செடி விற்பவர் அனுப்பும் பொறியாளர் வேண்டாம். சங்கமே ஊதியம் கொடுத்து அமர்த்தியவராக இருக்கட்டும். மொட்டைமாடியில் மூன்று நான்கு இடங்களில் சிறு குழி வெட்டி, கான்கிரீட் வரை எத்தனை அடுக்கு இருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். கம்பிகளின் இருப்பையும் அவற்றை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமனையும் கருவி கொண்டு கண்டறியலாம். கான்கிரீட்டில் ஒரு துண்டைத் துளைத்து எடுத்து அதன் வலிமையையும், அதன் காரத்தன்மை எவ்வளவு ஆழம் வரை அற்றுப்போய்விட்டது என்பதையும் பார்க்கலாம். புதுக் கான்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது. அதுதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு பல பத்தாண்டுகளில் அதை மெல்ல மெல்ல மட்டுப்படுத்துகிறது. காரம் குறைந்த பகுதி கம்பி வரை எட்டிவிட்டால், பிறகு ஈரம் கிடைத்தாலே துருப் பிடிக்கும். துரு, தானிருந்த இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மேல்மாடி வீடுகளின் கூரையில் காரை உப்பி உதிர்கிறதே, அதன் காரணம் இதுதான். அப்படி உதிரும் தளத்தின்மேல் ஒரு செடிகூட வைக்கக் கூடாது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்ய முடியாத நிலை என்றால் கூரைத் தோட்டத்தை அத்தோடு கைவிட்டுவிடுங்கள். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

அடுக்குகளைக் கொத்தி எடுக்கும்போது பெரிய இயந்திரம் வேண்டாம். கையடக்கக் கருவிகள் போதும். கொத்திய காரையை அன்றன்றைக்கே கீழே இறக்கிவிட வேண்டும். வளர்கலவை மூட்டைகளை மேலே ஏற்றும்போதும் இதே கவனம் தேவை. நான் பார்க்கப் போன ஒரு கட்டடத்தில் ஐம்பது கிலோ மூட்டைகள் நாற்பதை, தளத்தின் நடுவில், நான்கு சதுர மீட்டருக்குள் அடுக்கியிருந்தார்கள். சதுர மீட்டருக்கு ஐந்நூறு கிலோ. மறுநாள் காலை கீழ்வீட்டுக் கூரையில் புது விரிசல் ஓடியிருந்தது. அந்த வீட்டில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது என்று அதன் தாய் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பரப்பிய பிறகு பாதுகாப்பாக இருக்கும் எடை, பரப்புவதற்கு முன் ஓரிடத்தில் குவிந்தால் ஆபத்து. இதை வேலை ஒப்பந்தத்தில் எழுத்தில் சேருங்கள்.

பழைய அடுக்கு போன பிறகு, நூறுக்கு ஒன்று என்ற அளவிலாவது நீர் வடியும் வாட்டம், அதன்மேல் நீர்த்தடுப்புப் படலம், அதன்மேல் வேர்த்தடுப்பு. படலம் போட்டதும் வடிகால் வாய்களை அடைத்து, சில சென்டிமீட்டர் நீரை 48 மணி நேரம் நிறுத்திச் சோதிக்க வேண்டும். அந்த நீரின் எடைக்கும் பொறியாளரின் ஒப்புதல் வேண்டும். செடி வளர்ந்தபின் கசிவு வந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும் துன்பம். வேர்த்தடுப்பைப் பொறுத்தவரை, பசுங்கூரைகளுக்கு விதிமுறைகள் வகுக்கும் ஜெர்மனியின் எஃப்.எல்.எல். அமைப்பு வகுத்த சோதனை இரண்டு ஆண்டுகள் செடி வளர்த்துப் பார்ப்பது. அதில் தேறிய பொருளா என்று விற்பவரிடம் கேளுங்கள். கைப்பிடிச் சுவரை ஒட்டியும் வடிகால் வாய்களைச் சுற்றியும் அரை மீட்டர் அகலத்துக்கு வெறும் கூழாங்கல் விடுங்கள். நீர் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, காய்ந்த செடி தீப்பிடித்தால் பரவாமல் இருக்க, ஆள் நடந்து போய்ப் பார்க்க, மூன்றுக்கும் அந்த வழி உதவும். மூங்கில் வேண்டவே வேண்டாம். அதன் கிழங்குவேர் படலத்தைக் குத்திக் கிழித்துவிடும். சதைப்பற்றுள்ள இலைகளைக் கொண்ட தரைபரவும் செடிகளும் சிறு புல்வகைகளும் போதும்.

இதனால் சூடு உண்மையில் குறையுமா? இதற்குச் சிகாகோ நகர மன்றக் கட்டடத்தைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. 1911இல் கட்டியது. அதன் கூரையில் ஒரு பாதி நகராட்சியுடையது, மறுபாதி மாவட்ட நிர்வாகத்துடையது. நகராட்சி தன் பாதியில் மட்டும் 2001 வாக்கில் பசுங்கூரை அமைத்தது. மண் ஆழமான கனத்த பகுதிகளைக் கட்டடத்தின் தாங்குதிறன் கூடிய இடங்களில் வைத்து, மற்ற இடங்களில் மெல்லிய அடுக்கே போட்டார்கள். ஓர் ஆகஸ்ட் பிற்பகலில் அளந்தபோது பசுமைப் பாதியின் மேற்பரப்பு 33 முதல் 48 டிகிரி செல்சியஸ். பக்கத்துக் கறுப்புக் கூரை 76 டிகிரி. இதில் நிழலுக்குப் பங்கு உண்டு, மண்ணுக்குப் பங்கு உண்டு, செடி வெளிவிடும் ஈரத்துக்கும் பங்கு உண்டு. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது, ஆயிரம் வாட் ஹீட்டர் நாற்பது நிமிடம் எரிந்து தரும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சூடு குறைவது மட்டுமே நோக்கம் என்றால், வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு மிகக் குறைந்த செலவில் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். எடையும் இல்லை, தண்ணீரும் வேண்டாம். பசுங்கூரை தருவது அதற்கும் மேலே: மழைநீரைத் தேக்கி மெல்ல விடுவது, படலத்தை வெயிலிலிருந்து காப்பது, தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் ஓர் இடம். அவையும் வேண்டும் என்று மனதார விரும்பினால் செய்யுங்கள். சோதனையில் தளம் தேறாவிட்டால் வெள்ளைப் பூச்சோடு நில்லுங்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கூரையின் குளிர்ச்சி மேல்மாடி வீடுகளுக்குத்தான் போய்ச் சேரும், கீழ்த்தள வீடுகளுக்கு அல்ல. செலவைப் பிரிக்கும்போது அந்தப் பேச்சு கட்டாயம் எழும். நீங்களே முதலில் எடுத்துவிடுவது நல்லது.

மேற்குச் சுவருக்கு வருவோம். செடித் தட்டுகள் வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. தட்டும் கலவையும் நீரும் சேர்ந்த எடை முழுவதும் சுவரில் தொங்கும். உங்கள் கட்டடத்தில் தூண்களுக்கு இடையே இருப்பது அடைப்புச் செங்கல் சுவராகவே இருக்கும், அது எதையும் தொங்கவிடுவதற்காகக் கட்டியது அல்ல. தட்டுகளுக்கு நீர் ஏற்றும் மோட்டார் நின்றால் மேற்கு வெயிலில் ஓரிரு நாளில் செடிகள் வாடும். லண்டனில் ஒரு குழந்தைகள் மையத்தின் பசுஞ்சுவர் 2009இல் மொத்தமாகக் காய்ந்துபோய்ச் செய்தியானது. மிலானில் 2014இல் கட்டி முடித்த இரட்டைக் கோபுரங்களின் படத்தைக் காட்டி, இதைப் போல வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஏறக்குறைய எண்ணூறு மரங்கள் அதில் நிற்கின்றன. ஆனால் அந்த மரங்களைத் தாங்குவதற்கென்றே அதன் பால்கனிகள் முதலிலிருந்து வடிவமைக்கப்பட்டன. மரங்களைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். கயிற்றில் இறங்கி கிளை நறுக்கும் ஆட்கள் இன்றும் வந்து போகிறார்கள். சீனாவின் செங்டு நகரில் 826 வீடுகள் கொண்ட எட்டுக் கோபுரங்களில் பால்கனிதோறும் செடி வைத்தார்கள். பராமரிப்பு இல்லாமல் செடிகள் காடாகி, 2020இல் கொசுத் தொல்லை உலகச் செய்தியானது.

உங்கள் சுவருக்கு ஏற்றது கொடி. தரையில் வேரூன்றி நிற்பதால் மண்ணின் எடையும் நீரின் எடையும் பூமிக்குப் போய்விடும். கட்டடம் சுமப்பது கொடியையும் கம்பியையும் மட்டும். கொடி சுவரைக் கெடுக்கும் என்ற பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் பழஞ்சுவர்களில் படர்ந்த ஐவி கொடியை ஆராய்ந்தபோது, நல்ல நிலையிலுள்ள சுவரை அது வெயில், குளிர் ஏற்றத்தாழ்விலிருந்து காக்கிறது என்று கண்டார்கள். ஏற்கெனவே விரிசல் உள்ள சுவரில்தான் வேர் உள்ளே நுழைந்து கெடுக்கிறது. உங்கள் சுவருக்கு வயது 45. விரிசல் இல்லாமல் இருக்காது. ஆகவே சுவரில் ஒட்டி ஏறும் கொடியைத் தவிர்த்துவிட்டு, கம்பியைச் சுற்றி ஏறும் கொடியை வையுங்கள். வெப்பமான இடத்தில் ரங்கூன் மல்லி, தும்பர்ஜியா நன்றாக வரும். துருப்பிடிக்காத எஃகு வடங்களைச் சுவரிலிருந்து பத்து, பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி இழுத்துக் கட்ட வேண்டும். அந்த இடைவெளியில் காற்று ஏறி ஓடும், சுவரும் உலர்ந்திருக்கும். பிடிமானங்களைத் தளவிளிம்பிலும் உத்திரத்திலும் மட்டுமே பதிக்க வேண்டும், செங்கல்லில் அல்ல. ஒவ்வொன்றையும் இழுத்துச் சோதித்த பிறகே வடம் கட்டட்டும். நடும் குழி சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். அடித்தளத்தை நனைக்க வேண்டாம். கழிவுநீர்க் குழாய்களின் பக்கம் கொடியை விடாதீர்கள். முற்றிய தண்டு குழாயை நெரித்துவிடும்.

தொடங்கும் முன் சங்கத்தின் விதிகளிலேயே எழுதிவைக்க வேண்டியவை சில உண்டு. யார் நீர் விடுவது, மழைக்காலத்துக்கு முன் வடிகால் வாய்களை யார் திறந்து பார்ப்பது, பறவை எச்சத்தில் வந்து முளைக்கும் ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் ஆண்டுக்கு இரு முறை யார் பிடுங்குவது, அதற்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும். ஆர்வமுள்ள ஒருவரே எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று விட்டால், அவர் வீடு மாறிப்போகும் நாளில் தோட்டமும் போய்விடும். உள்ளாட்சி அமைப்பின் அனுமதி தேவையா என்பதையும் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் தாயாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பிற்பகல் வெயிலில் மேற்குச் சுவர் வாங்கிய வெப்பம் செங்கல்லைக் கடந்து உள்ளே வர ஆறு, ஏழு மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் இரவு பத்து மணிக்குக் கொதிக்கிறது. உள்ளே மின்விசிறி எத்தனை ஓடினாலும் அது தீராது. வெயில் சுவரில் படாமல் வெளியிலேயே தடுத்தால்தான் தீரும். நான்காம் மாடிக்குக் கொடி ஏறி அடர்த்தியாக மூட மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலம் அவர் காத்திருக்க வேண்டியதில்லை. மேற்குச் சுவரின் வடங்களைக் கட்டும்போது அவருடைய அறைக்கு நேரே உள்ள பகுதியை முதலில் கட்டச் சொல்லுங்கள். அந்த வடங்களிலேயே நாற்றங்கால்களில் பயன்படுத்தும் பச்சை நிழல்வலையைக் கோடைக்கு மட்டும் விரித்துக் கட்டலாம். வலையின் மீது வீசும் காற்றின் விசையையும் பொறியாளர் கணக்கில் சேர்க்க வேண்டும்; புயல்மழைக் காலத்துக்கு முன் கழற்றிவிட வேண்டும். அதுவரை அவருடைய கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர்ப் பக்கம் நகர்த்திப் போடுங்கள்.